ஆளரவம் இல்லாத நேரத்தில் நாய் எதைப் பழகும்? குடியிருப்புச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

செல்லப்பிராணிகள் பற்றி நீங்கள் ஒட்டும் சுற்றறிக்கைகளை லிஃப்ட் பக்கத்தில் நின்று ஒரு வரி விடாமல் படிக்கிறவர்களில் நானும் ஒருத்தி. எந்தக் குடியிருப்பானாலும் வாசகம் ஏறத்தாழ ஒன்றுதான். நாய்களை அதிகாலையிலும் இரவு வெகுநேரம் கழித்தும் மட்டும் கீழே அழைத்து வரவும். விளையாட்டுத் திடல் பக்கம் வரக்கூடாது. பின்பக்கப் பாதையில் மட்டும் நடக்கவும். சாமான் ஏற்றும் லிஃப்டில் ஏறவும்.

இதற்குப் பின்னால் இருக்கும் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. சைக்கிள் ஓட்டும் குழந்தை மீது நாய் பாய்ந்தால் என்ன ஆகும் என்று யோசிப்பது உங்கள் பொறுப்பு. முழங்கால் தேய்ந்த பெரியவர் மீது 30 கிலோ நாய் ஒன்று மோதினால் இடுப்பெலும்பே முறியலாம். நாயைக் கண்டாலே கைகால் உதறுகிறவர்களும் மற்றவர்களைப் போலப் பராமரிப்புத் தொகை கட்டித்தான் அங்கே இருக்கிறார்கள். ஆகவே ‘எங்கள் நாய் ஒன்றும் செய்யாது, நீங்கள் ஏன் பயப்படுகிறீர்கள்’ என்ற பழைய பல்லவியைப் பாடுவதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பல்லவி எனக்கும் எரிச்சல்தான்.

நான் சொல்ல வருவது வேறு. பிள்ளைகள் இல்லாத நேரம், ஆட்கள் நடக்காத பாதை என்று ஒதுக்கி ஒதுக்கியே வளர்க்கப்படும் நாய்க்கு, பிள்ளைகளும் ஆட்களும் இருக்கிற இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று கற்க வழியே இல்லாமல் போகிறது. ஆனால் அதே நாய்க்கு ஒருநாள் வயிற்றுக்கு முடியாமல் போகும். மாலை 6 மணிக்கு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். சாமான் லிஃப்ட் பழுதாகி நிற்கும். மூன்றாவது மாடியில் கதவு திறந்தால் கையில் பந்தோடு ஒரு சிறுவன் நிற்பான். இருவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. தூரத்தில் இருந்துகூட ஒரு பந்தாட்டத்தைப் பார்த்துப் பழகாத நாய்க்கு முதல் பாடமே அங்கேதான் நடக்கிறது என்றால், அது நல்லபடியாக முடியும் என்று யார் உத்தரவாதம் தர முடியும்? நீங்கள் எந்த விபத்தைத் தடுக்க விதி போட்டீர்களோ, அந்த விபத்துக்குத்தான் அந்த விதி நாயைத் தயார் செய்துகொண்டிருக்கிறது.

ஆகவே என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கயிற்றில் பிடித்த நாய்களுக்கு, ஆள் நடமாட்டம் உள்ள நேரத்திலேயே, திடலில் இருந்து நன்றாகத் தள்ளி ஓர் இடம் ஒதுக்குங்கள். நாயோடு பயிற்சியில் இருப்பவரிடம் எப்படி நடந்துகொள்வது என்று மற்ற குடியிருப்பாளர்களுக்கு நீங்களே ஒரு சுற்றறிக்கை விடுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

‘வீட்டுக்குள் சிட் என்றால் உடனே உட்காருகிறது. கீழே வந்தால் நான் யாரென்றே தெரியாத மாதிரி நிற்கிறது.’ நாய் வளர்ப்பவர்கள் நான்கு பேர் கூடினால் இதைச் சொல்லாதவர் இருக்கமாட்டார். திமிர் என்பார்கள், பிடிவாதம் என்பார்கள், ‘வேண்டும் என்றேதான் செய்கிறது’ என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிவி ஓடாத கூடத்தில், உங்கள் எதிரே நின்று, உங்கள் கையையே பார்த்தபடி கற்றுக்கொண்ட ‘சிட்’ அது. அந்தக் கூடம், அந்தத் தரை, நீங்கள் நிற்கும் விதம் எல்லாமே அந்தப் பாடத்தில் சேர்ந்திருக்கின்றன. ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குத் தானாகவே எடுத்துச் செல்லும் சாமர்த்தியம் நாய்க்குக் குறைவு. அதே சொல்லைப் படிக்கட்டில், வாசலில், மரத்தடியில் என்று ஒவ்வோரிடத்திலும் ஏறக்குறைய முதலில் இருந்தே சொல்லித்தர வேண்டும். ஒவ்வொரு முறையும் முன்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் ஆறுதல்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. நாய்களை வைத்துப் பழக்கத்தின் அறிவியலுக்கே அடித்தளம் போட்ட ரஷ்ய உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவை இது படாதபாடு படுத்தியிருக்கிறது. செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அவருடைய உதவியாளர் ஒருவர் தனியறையில் நாயோடு உட்கார்ந்து, ஏதோ ஒரு சைகைக்கு எச்சில் ஊறும்படி பழக்கியிருப்பார். நன்றாக வருகிறதே என்று ஆசை ஆசையாகப் பாவ்லோவைக் கூப்பிட்டுக் காட்டுவார். அவர் உள்ளே காலெடுத்து வைத்ததும் நாய் அவரைப் பார்க்கும், மோப்பம் பிடிக்கும். எச்சில் மட்டும் ஊறாது. புதிதாக ஒன்று தென்பட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அதன் பக்கம் திரும்பும் இந்த இயல்புக்கு ‘என்ன அது?’ அனிச்சை என்றே அவர் பெயர் வைத்தார். ஆபத்தையும் இரையையும் கண்டுகொள்ள உதவும் குணம் அது. அது இல்லாத விலங்கு காட்டில் அதிக நாள் தங்காது. கடைசியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், தடித்த சுவர்களோடு, அதிர்வு எட்டாமல் இருக்கச் சுற்றிலும் அகழி தோண்டி, ஒரு தனிக் கட்டடமே எழுப்ப வேண்டியதாயிற்று. ‘மௌன கோபுரம்’ என்று அதற்குப் பெயர்.

நமக்கு அந்த வசதி கிடையாது. லிஃப்ட் மணி, மேல்மாடியில் ஆணி அடிக்கும் சத்தம், குப்பை வண்டி, கார் மேல் படுத்திருக்கும் பூனை, யார் வீட்டிலோ இறைச்சி வறுபடும் வாசனை, பை சுமந்து ஓடி வரும் டெலிவரி இளைஞர். இதுபோக நமக்குத் தெரியாததும் உண்டு. நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாயின் காது 40,000ஐயும் தாண்டிப் போகும். ‘ஒன்றுமே இல்லாத பக்கம் பார்த்துக் குரைக்கிறது’ என்று நாம் நினைக்கும் பல நேரங்களில் அங்கே ஏதோ இருக்கத்தான் செய்கிறது.

கார் ஓட்டப் பழகுகிறவரை முதல் நாளே நெரிசலான சாலையில் இறக்கிவிட மாட்டோம். அதற்காகக் காலி மைதானத்திலேயே ஆறு மாதம் சுற்றவிட்டு லைசென்ஸும் கொடுத்துவிட மாட்டோம். குடியிருப்பு நாய்களுக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. காலி மைதானம், அல்லது நேராக நெரிசல். நடுவில் இருக்க வேண்டிய படிகளைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

பயிற்சி என்றதும் யாரோ ஒருவர் விசில் ஊத, நாய் துள்ளிக் குதித்து வளையத்துக்குள் பாயும் காட்சி உங்கள் மனதில் வரலாம். நான் சொல்லும் பயிற்சி பார்ப்பதற்குச் சப்பென்று இருக்கும். திடலில் பிள்ளைகள் பந்து ஆடுகிறார்கள். முப்பது நாற்பது மீட்டர் தள்ளி ஒருவர் நாயோடு நிற்கிறார். கயிறு தொய்வாகத் தொங்குகிறது. பந்து தரையில் மோதும் சத்தம். நாயின் காது முன்னால் வருகிறது, திறந்திருந்த வாய் மூடிக்கொள்கிறது, வால் நின்றுவிடுகிறது. அவர் கூப்பிடவும் இல்லை, கயிற்றைச் சுண்டவும் இல்லை. மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறார். நாய் மூச்சு விடுகிறது, வாய் மறுபடி திறக்கிறது, தலை திரும்பி அவர் முகத்தைப் பார்க்கிறது. பார்த்த அந்த நொடியே ‘யெஸ்’ என்கிறார். கை இடுப்புப் பைக்குள் போய், சுண்டுவிரல் நகமளவு வேகவைத்த கோழித் துண்டோடு நாயின் வாய்க்கு வருகிறது. அதை விழுங்குவதற்குள் பந்து இன்னொரு முறை மோதுகிறது. மறுபடி காது, மறுபடி திரும்பல், மறுபடி ஒரு துண்டு. ஐந்து நிமிடம் ஆனதும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

இதில் சூட்சுமம் எல்லாம் தூரத்தில் இருக்கிறது. நாய் பந்தைக் கவனிக்க வேண்டும், ஆனால் அதிலேயே மூழ்கிப் போகக்கூடாது. அந்த எல்லை ஒவ்வொரு நாய்க்கும் வேறு, ஒரே நாய்க்கும் நாளுக்கு நாள் வேறு. எல்லையைத் தாண்டிவிட்டோமா என்று தெரிந்துகொள்ள நிபுணர் வேண்டியதில்லை, நம் விரல்களே சொல்லும். வழக்கமாக உதட்டால் நாசூக்காக எடுக்கும் நாய் விரலோடு சேர்த்துக் கவ்வினால் அது கொதிநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். அதற்கும் மேலே போனால் உயிராக விரும்பும் ட்ரீட்டையே மூக்கருகே நீட்டினாலும் திரும்பிப் பார்க்காது. அந்த நேரத்தில் ‘சிட், சிட், சிட்’ என்று பத்து முறை கத்துவது வீண். பத்து அடி பின்னால் போவதே வழி. பின்னால் போக இடம் வேண்டுமே! ஒருபக்கம் சுவர், மறுபக்கம் கார்கள் என்று இருக்கும் உங்கள் பின்பக்கப் பாதையில் அதற்குத்தான் வழியில்லை.

ட்ரீட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் நம்மவர்களுக்குத் தகராறு. வீட்டுக்குள் தினமும் கிண்ணத்தில் விழும் உலர் உணவே கூலியாகப் போதும். வெளியே அது செல்லாது. பூனை, பந்து, இன்னொரு நாய் ஆகியவற்றோடு போட்டி போடும் அளவுக்கு வாசனையும் ருசியும் உள்ள ஒன்று வேண்டும். கடினமான இடத்துக்கென்று மட்டும் அதை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். துண்டு சிறிதாக இருக்கட்டும். கொடுத்ததை அன்றைய சாப்பாட்டில் கழித்துக்கொள்ளலாம். சாக்லேட், திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று கலந்த இனிப்பு எதுவும் கூடவே கூடாது, நாய்க்கு இவை விஷம்.

‘தீனி எதற்கு, வாயால் பாராட்டினால் போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. எரிக்கா ஃபாயர்பாக்கர், கிளைவ் வின் என்ற ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், தடவிக்கொடுப்பவர், வாயால் மட்டும் பாராட்டுபவர் என இருவரை வைத்துப் பார்த்தபோது நாய்கள் தடவிக்கொடுப்பவரிடமே போய் நின்றன. வெறும் பாராட்டுக்கும் ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கும் அவை பெரிய வித்தியாசம் காட்டவில்லை. ‘குட் பாய்’ என்பது நமக்கு இனிக்கிற அளவுக்கு அவற்றுக்கு இனிப்பதில்லை போலிருக்கிறது. ஆனால் ஒரு சொல்லுக்குப் பின்னால் தவறாமல் ருசியான துண்டு வந்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு ஏறும். மேலே சொன்னவர் ‘யெஸ்’ என்றது அதற்குத்தான். நாய் சரியாகச் செய்த நொடியையும் கை பைக்குள் போய் வரும் நேரத்தையும் அந்தச் சொல் இணைக்கிறது. பி. எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1951இல் பொது வாசகர்களுக்கு எழுதிய கட்டுரை ஒன்றில் இதே வேலைக்கு ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும் ஒரு விளையாட்டுச் சாமானைப் பரிந்துரைத்தார். இன்றைக்கு அதைத்தான் கிளிக்கர் என்கிறோம்.

அடுத்தது, ட்ரீட் கொடுத்துப் பழக்குவது லஞ்சம் என்ற குற்றச்சாட்டு. ட்ரீட்டை முதலில் காட்டிவிட்டு ‘வா, வா’ என்று கெஞ்சினால் அது லஞ்சம்தான், ஒப்புக்கொள்கிறேன். காட்டாத நாளில் நாய் வராது. ஆனால் வேலை முடிந்தபின் பையில் இருந்து எடுத்துத் தருவது கூலி. பழக்கம் ஊன்றிய பிறகு ஒவ்வொரு முறையும் தர வேண்டியதும் இல்லை. எப்போது வரும் என்று தெரியாமல் அவ்வப்போது வருகிற கூலி பழக்கத்தை இன்னும் கெட்டியாக்கும். புதிய இடம், புதிய இடைஞ்சல் என்று வந்தால் மட்டும் மறுபடி தாராளமாகத் தர வேண்டும்.

கூலி எப்போதும் தீனியாக இருக்க வேண்டும் என்பதும் கிடையாது. தானாகவே அதிகம் செய்ய விரும்புகிற ஒன்றைக் காட்டி, குறைவாகச் செய்கிற ஒன்றைச் செய்ய வைக்கலாம் என்று டேவிட் பிரிமாக் என்ற உளவியலாளர் 1959இல் எழுதினார். பிள்ளைகளிடம் ‘சாப்பிட்டு முடித்தால் விளையாடப் போகலாம்’ என்று நாம் சொல்வதும் இதுதான். நாயிடம் இதை வைத்து அழகாக வேலை வாங்கலாம். விளக்குக் கம்பத்தை மோப்பம் பிடிக்க இழுக்கிறதா? நில். கயிறு தொய்ந்ததும், முகத்தைப் பார்த்ததும், ‘போ’ என்று கம்பத்திடமே அனுப்பு. எது கவனத்தைக் கலைத்ததோ அதுவே பரிசாகிவிடுகிறது. இந்த உத்தி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் நாய்க்கும் நமக்கும் நடுவே நடக்கும் இழுபறியே இதில் தீர்ந்துபோகிறது. மோப்பம் என்பதும் வெறும் பொழுதுபோக்கு இல்லை. ஷார்லட் துரந்தோன், அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இருவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் மோப்ப விளையாட்டு ஆடிய நாய்கள் முன்னைவிட நம்பிக்கையோடு புதியதை அணுகின. காலோடு ஒட்டி நடக்கப் பழக்கப்பட்ட நாய்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. செடி ஓரம் ஒரு நாய் நின்று முகர்ந்துகொண்டே இருந்தால், ‘நகருங்கள், நகருங்கள்’ என்று செக்யூரிட்டியை விட்டு விரட்டாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் விதிகளில் எனக்கு அதிகம் உறுத்துகிற ஒன்றுக்கு வருகிறேன். தடுப்பூசி எல்லாம் முடியும்வரை குட்டிகளைப் பொது இடத்துக்கே கொண்டுவரக்கூடாது என்று பல சங்கங்கள் விதி வைத்திருக்கின்றன. நோக்கம் நல்லதுதான், பார்வோ போன்ற நோய்கள் குட்டிகளின் உயிரையே வாங்கும். ஆனால் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் வெளியிட்ட முடிவுகளின்படி, மூன்றாவது வாரத்தில் இருந்து ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரைதான் குட்டியின் மனக்கதவு அகலத் திறந்திருக்கும். அந்தக் காலத்தில் நல்லவிதமாகப் பார்த்துப் பழகியது பிற்பாடு அவ்வளவாகப் பயமுறுத்தாது. பார்க்காதது பெரும்பாலும் சந்தேகத்துக்குரியது. தடுப்பூசி வரிசை முழுதாக முடியும்போது அந்தக் கதவு மூடிக்கொண்டிருக்கும். விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமே 2008இல், முழுத் தடுப்பூசிக்காகக் காத்திராமல் பாதுகாப்பான முறையில் குட்டிகளை வெளியுலகுக்குப் பழக்கத் தொடங்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. தரையில் விட வேண்டாம். கையில் தூக்கிவைத்துக்கொண்டு வாசல் திண்ணையில் பத்து நிமிடம் உட்கார அனுமதியுங்கள். குடை பிடித்தவர், தடி ஊன்றியவர், ஹெல்மெட் போட்டவர், ஸ்கேட்டிங் போகும் பிள்ளை என்று ஒவ்வொருவராகக் கடந்து போகட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு. குட்டிக்கு அது போதும்.

அதிகாலை விதியும் இதே ரகம்தான். யாருமே இல்லாத இருட்டில் தூண் மறைவில் இருந்து ஓர் ஆள் திடீரென்று வெளிப்பட்டால் நமக்கே தூக்கிவாரிப் போடும். மாலையில் இருபது பேர் குறுக்கும் நெடுக்கும் நடக்கும் இடத்தில் இருபத்தோராவது ஆளை நாய் கண்டுகொள்வதே இல்லை.

அக்கம்பக்கத்தாருக்கு நீங்கள் விட வேண்டிய சுற்றறிக்கை எதைப் பற்றி இருக்க வேண்டும் என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். நாயை வெறுப்பவர்களால் பயிற்சிக்கு ஒரு கேடும் இல்லை, அவர்கள் ஒதுங்கிப் போய்விடுகிறார்கள். பிரியம் உள்ளவர்கள்தான் சிக்கல். ‘ச்சூ ச்சூ’ என்று கூப்பிடுவது, குனிந்து இரண்டு கையையும் நீட்டுவது, நாய் மேலே தாவியதும் ‘பரவாயில்லை, எனக்கு நாய் என்றால் உயிர்’ என்று கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சுவது. உங்களுக்குப் பரவாயில்லைதான். ஆனால் தாவினால் கொஞ்சல் கிடைக்கும் என்று நாய் எழுதி வைத்துக்கொண்டது. அடுத்து அது தாவப்போவது உங்கள் மீது இல்லை, கையில் காய்கறிப் பையோடு வருகிற எழுபது வயதுக்காரர் மீது. கொஞ்ச வேண்டும் என்றால் உரிமையாளரைக் கேளுங்கள். நாய் நான்கு காலும் தரையில் வைத்து நிற்கும்போது மட்டும் தொடுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் சுலபம்: கத்தாதே, ஓடாதே, மரம் மாதிரி நில். செக்யூரிட்டி அறையில் இருந்து பாசத்தோடு நீளும் பிஸ்கட்டும் உரிமையாளர் கை வழியாகவே நாய்க்குப் போகட்டும்.

வாசற்கதவுக் குரைப்புக்கும் உங்களால் ஓர் உபகாரம் செய்ய முடியும். டெலிவரி ஆள் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் பொருளைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் வேலை முடிந்து போனார் என்பது நமக்குத் தெரியும். நாயின் கணக்கில், தான் குரைத்ததால் ஓடிவிட்டார். ஒவ்வொரு நாளும் இந்த வெற்றி அதற்குக் கிடைத்துக்கொண்டே இருந்தால் குரைப்பு எப்படிக் குறையும்? கீழே இருந்து இன்டர்காமில் ஒரு குரல் கொடுத்தால் போதும். நாயை அதன் பாயில் உட்காரவைத்து, மென்று தின்ன ஏதாவது கொடுத்துவிட்டு, அப்புறம் கதவைத் திறக்கலாம். கொஞ்ச நாளில் மணிச்சத்தம் கேட்டாலே பாயைத் தேடி ஓடும் நாய்கள் இருக்கின்றன.

குரைக்கும் நாய்க்குக் கரண்ட் காலர் மாட்டச் சொல்லி ஒரு சங்கக் கூட்டத்தில் யோசனை வந்தது எனக்குத் தெரியும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். வேல்ஸ் நாட்டில் 2010இலேயே அதற்குத் தடை வந்துவிட்டது. போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வில், தண்டித்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்கள் கூலி கொடுத்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்களைவிடப் பயிற்சியின்போது அதிகப் பதற்றம் காட்டின. நாய் மீது இரக்கம் வேண்டும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. குழந்தையைப் பார்த்துக் குரைக்கும்போது கழுத்தில் சுருக்கென்று மின்சாரம் பாய்ந்தால், நாய் அதற்குக் காரணமாக எதைப் பிடித்துக்கொள்ளும்? தன் குரைப்பையா, எதிரே நிற்கும் குழந்தையையா? இரண்டாவதைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை யோசியுங்கள். உறுமினாலே அடி விழும் என்று கற்ற நாய் உறுமுவதை விட்டுவிடும். உறுமல் என்பது ‘விலகிப் போ’ என்ற எச்சரிக்கை. எச்சரிக்கை போய்விட்டால் மிஞ்சுவது கடி ஒன்றுதான்.

இனி எங்கள் பக்கம். இந்த இடத்தில் சக நாய் வளர்ப்பாளர்களையும் பார்த்துத்தான் பேசுகிறேன். இழுக்க இழுக்க நீளும் கயிறுகளைப் பொது இடத்தில் பயன்படுத்துவதை விட்டுவிடுவோம். பூட்டு நழுவினால் நாய் எட்டு மீட்டர் தள்ளி நிற்கும். அளவான ஒரே கயிறு போதும். ஒரு கையில் போன், மறு கையில் கயிறு என்று நடப்பதும் வேண்டாம். நாய் நம்மைத் திரும்பிப் பார்க்கும் நொடிக்குத்தான் இத்தனை பாடு. அந்த நொடியில் நாம் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தால் அது மறுபடி பந்தைத்தான் பார்க்கும். கழிவை அள்ளுவது பற்றிச் சொல்லவே வேண்டாம், அள்ளாதவர் பயிற்சி இடத்தைக் கேட்கவும் கூடாது. கடித்த வரலாறு உள்ள நாயை இந்த இடத்துக்குக் கொண்டுவரக்கூடாது. அதற்கு முதலில் கால்நடை மருத்துவரும், நடத்தை அறிந்த நிபுணரும் வேண்டும். கூடை போன்ற வாய்மூடியை ட்ரீட் வைத்துப் பழக்கிவிட்டால் நாய் அதை ஹார்னஸ் போலவே ஏற்றுக்கொள்ளும். வாய்மூடி போட்ட நாயைப் பார்த்தால் முகம் சுளிக்காதீர்கள் என்று மற்றவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். அந்த உரிமையாளர்தான் உங்கள் பாதுகாப்பில் அக்கறை உள்ளவர்.

நாளெல்லாம் திடல் பக்கம் நாய்களாக நிற்குமோ என்ற பயம் வேண்டியதில்லை. 44 பீகிள் நாய்களை வைத்து டென்மார்க் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் பழக்கிய நாய்களைவிட வாரம் ஓரிரு முறை பழக்கிய நாய்களே குறைந்த பாடங்களில் கற்றுக்கொண்டன. ஆக, ஒரு நாய்க்கு வாரத்தில் இரண்டு மூன்று மாலை, ஒவ்வொரு மாலையும் ஐந்து பத்து நிமிடம் என்பதே தாராளம். முன்பதிவுக்கு ஒரு நோட்டு வைத்து, ஒரு நேரத்தில் இரண்டு நாய்களுக்கு மேல் வேண்டாம் என்று நீங்களே வரம்பு கட்டலாம். இடம் எது என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். திடல் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பின்வாங்க வழி இருக்க வேண்டும், குழந்தைகள் ஓடி வரும் பாதையில் இருக்கக்கூடாது. இந்த மூன்றும் பொருந்தினால் வாகன நிறுத்தத்தின் ஓரம்கூடப் பரவாயில்லை.

மூன்று மாதத்துக்குச் சோதனையாக அனுமதித்துப் பாருங்கள். புகார்ப் புத்தகத்தை அதற்கு முந்தைய மூன்று மாதத்தோடு ஒப்பிடுங்கள். கூடியிருந்தால் பழைய விதிக்கே திரும்பிவிடலாம், நான் மறுபேச்சு பேசமாட்டேன். அதோடு, லிஃப்ட் விஷயத்தில் விதியை இன்றைக்கே ஒரு வரி திருத்தலாம். எந்த லிஃப்டானாலும், கதவு திறக்கும்போது வெளியே நிற்பவர் ஏறத் தயங்கினால், நாயோடு இருப்பவர் இறங்கி வழிவிட வேண்டும், அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் நாயைச் சுவரோரம் உட்காரவைத்து, யாராவது கடந்து போகும்போதெல்லாம் ஒரு துண்டு கொடுத்துக்கொண்டிருப்போம்.

இப்படிக்கு,
நாய் வளர்க்கும் குடியிருப்பாளர் ஒருத்தி